வெளியே 1969, உள்ளே 461: பழைய ஜி.டி.ஓ-வைத் தோற்றம் மாறாமல் வேகமாக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: "1969 பாண்டியாக் ஜி.டி.ஓ ஒன்று வாங்கியிருக்கிறேன். 400 கன அங்குல எஞ்சின், நாலு பேரல் கார்ப்பரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர், மூடித் திறக்கும் ஹெட்லைட். எஞ்சின் வண்டியோடு பிறந்ததுதான், நம்பர் பொருந்துகிறது. இன்னும் நன்றாகப் பாய வேண்டும். ஆனால் பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு எதையும் மாற்றியதாகத் தெரியக் கூடாது. எங்கே ஆரம்பிப்பது?"

நல்ல வண்டியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு, பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க மஸில் கார்களிலேயே தோதானது பாண்டியாக் என்பது என் கருத்து. காரணம் எளிமையானது. அறுபதுகளின் பாண்டியாக் வி8 எஞ்சின்கள் 326 கன அங்குலத்தில் இருந்து 428 வரை, பிறகு வந்த 455 உட்பட, வெளியளவில் ஒன்றுதான். செவர்லேயில் சின்ன பிளாக், பெரிய பிளாக் என்று இரண்டு குடும்பம் உண்டு. தூரத்தில் நின்றே எது எது என்று சொல்லிவிடலாம். பாண்டியாக்கில் அது முடியாது. உள்ளே எத்தனை கன அங்குலம் இருக்கிறது என்பது பார்த்துத் தெரிகிற விஷயமே இல்லை.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. 1964-இல் ஜி.டி.ஓ அறிமுகமானபோது ஒரு பெரிய கார் இதழ் அதை ஓட்டிப் பார்த்து, நின்ற நிலையில் இருந்து 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் தொட்டதாக எழுதியது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்த வண்டியில் 389-க்குப் பதிலாக 421 எஞ்சின் உட்கார்ந்திருந்ததைப் பாண்டியாக்கின் விளம்பரப் பணியைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸ் பல வருடம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். பானெட்டைத் திறந்து பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம், மேலே சொன்ன அந்த ஒரே வெளியளவுதான்.

அதே காலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டிய ராயல் ஓக் ஊரில் ராயல் பாண்டியாக் என்ற டீலர் 'பாப்கேட்' என்ற பெயரில் ஒரு மாற்றத் தொகுப்பு விற்றார்கள். மெல்லிய ஹெட் கேஸ்கெட், கார்ப்பரேட்டருக்கு வேறு ஜெட், டிஸ்ட்ரிபியூட்டரில் அட்வான்ஸ் (தீப்பொறி எவ்வளவு முன்கூட்டியே வருகிறது என்பது) மாற்றம், எக்ஸாஸ்ட் சூடு இன்டேக்குக்குப் போகாமல் அடைக்கும் கேஸ்கெட், ராக்கர் நட்டுகளுக்குப் பூட்டு நட்டு. அவ்வளவுதான். இதில் ஒன்றுகூட வெளியே தெரியாது. உங்கள் வேலையின் முதல் பாதி கிட்டத்தட்ட இந்தப் பட்டியலேதான்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். இந்த எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் பல்சக்கரம் அலுமினியம், பற்களின் மேல் நைலான் பூச்சு. சத்தம் குறைய வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். 50 வருடச் சூட்டில் அந்த நைலான் நொறுங்கிவிடும். என் வண்டியின் எஞ்சினைத் தூக்கி ஆயில் சம்ப்பைக் கழற்றிய நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் பழுப்பாக, பனங்கற்கண்டு உடைத்துப் போட்ட மாதிரி துணுக்குகள். விரலால் அழுத்தினால் பொடியாகிறது. வலையில் பாதி அடைத்திருந்தது. அதுவரை வண்டி ஒரு குறையும் காட்டாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் எஞ்சினில் இரும்புச் சக்கரமும் இரட்டை ரோலர் டைமிங் செயினும் மாற்றியாகிவிட்டது என்பதற்கு முந்தைய உரிமையாளரிடம் ரசீது இல்லையென்றால், அது பழசுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மாற்றாமல் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்காதீர்கள்.

சரி, அப்புறம் டியூனிங். இதில் கிடைக்கும் லாபத்தைப் பலர் நம்ப மாட்டார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மின்சாரத்தை வெட்டி வெட்டித் தீப்பொறி உண்டாக்கும் பாயிண்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் உட்காரும் பெர்ட்ரானிக்ஸ் வகை எலக்ட்ரானிக் இக்னிஷனைப் போடலாம். மூடியை மூடிவிட்டால் தெரிவது கூடுதலாக ஒரு வயர் மட்டும். அதையும் பழைய வயரோடு சேர்த்துத் துணி டேப் சுற்றிவிடலாம். அடுத்தது டைமிங். தொழிற்சாலை வைத்த அட்வான்ஸ் மெதுவாக, மிகத் தாமதமாக ஏறும். உள்ளே இருக்கும் எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றி, முழு அட்வான்ஸ் 34 முதல் 36 டிகிரி, அது 2,800 - 3,000 ஆர்.பி.எம்-க்குள் வந்துவிடும்படி வையுங்கள். நாக்கிங் சத்தம் கேட்டால் இரண்டு டிகிரி பின்வாங்குங்கள். வாக்குவம் அட்வான்ஸைச் சிலர் கழற்றிப் போடுவார்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு அது கட்டாயம் வேண்டும்.

கார்ப்பரேட்டர் விஷயத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த குவாட்ராஜெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதற்குக் கெட்ட பெயர் வந்ததெல்லாம் சரியாகக் கழுவிச் சேர்க்கத் தெரியாதவர்களால் வந்தது. முன்னால் இரண்டு சின்ன வாய், பின்னால் இரண்டு பெரிய வாய். நிமிடத்துக்கு 750 கன அடி காற்று விடும். பின்வாய்களுக்கு மேல் ஒரு தகட்டுக் கதவு இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவுதான் அது திறக்கும். அதனால் எஞ்சின் அளவைக் கூட்டினாலும் இதே கார்ப்பரேட்டர் ஈடுகொடுக்கும். மிதித்தவுடன் ஒரு நொடி திணறுகிறது என்றால், அந்தக் கதவின் ஸ்பிரிங் இறுக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் கையோடு மாற்றிவிடுங்கள். இன்டேக் மேனிஃபோல்டும் அப்படியே இருக்கட்டும். பாண்டியாக்கின் வார்ப்பிரும்பு இன்டேக் மிக நல்ல வடிவமைப்பு. விலை கொடுத்து வாங்கும் அலுமினிய இன்டேக்கில் எடை குறையுமே தவிர, சாலை வண்டிக்குப் பெரிதாக வேறு லாபம் இல்லை.

எஞ்சினைப் பிரிக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள். 1969-இல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் சாதாரணமாக வந்தது. முன் டிஸ்க் காசு கொடுத்துக் கேட்டால் கிடைத்தது. உங்களுடையது டிரம் என்றால் முன் டிஸ்க் போடுங்கள். அந்த வருட வண்டிக்கே அது தொழிற்சாலைத் தேர்வு என்பதால் தோற்றத்துக்கும் பங்கமில்லை. நிற்கத் தெரியாத வண்டிக்கு நூறு குதிரை கூட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை வரிசையில் பின்னால் தள்ளாதீர்கள்.

அடிப்பக்கம் செய்யும் வேலைகள் கண்ணில் படாது, ஆனால் ஓட்டும்போது முதலில் தெரிவது அவைதான். பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் தகட்டை மடித்துச் செய்தவை, மிதிக்கும்போது முறுக்கிக்கொள்ளும். அதே வடிவத்தில் நாலு பக்கமும் மூடிய கைகள் கிடைக்கின்றன. கறுப்புப் பெயிண்ட் அடித்துப் போட்டால் கீழே படுத்துப் பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும். ஜி.டி.ஓ-வுக்குப் பின்பக்க ஸ்வே பார் (வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) 1970-இல்தான் வந்தது. அதையே வாங்கி 69-க்கு மாட்டலாம். முன்பக்கம் இருக்கும் குறை வேறு. வளைவில் சாயும்போது வெளிச்சக்கரம் தவறான பக்கம் சரியும்படி அந்தக் காலத்து அமைப்பு. உயரம் கூடிய மேல் பால் ஜாயிண்ட் ஒன்றே அதைப் பெருமளவு சரிசெய்யும். ஸ்டீயரிங் மந்தமாக இருந்தால், எழுபதுகளின் கடைசியில் வந்த டபிள்யூ.எஸ்.6 (வளைவுகளில் நன்றாக ஓடுவதற்கான தொகுப்பு) போட்ட பாண்டியாக் ஃபயர்பேர்டின் ஸ்டீயரிங் பெட்டி நல்ல மாற்று. அதே சாகினா தயாரிப்புப் பெட்டி என்பதால் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது.

இனி எஞ்சின். உங்கள் 400-இன் சிலிண்டர் விட்டம் 4.12 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 3.75 அங்குலம். 4.25 அங்குல வீச்சுள்ள கிராங்க்ஷாஃப்ட் இந்த பிளாக்கின் 3 அங்குல மெயின் பேரிங்கிலேயே உட்காரும்படி இப்போது கிடைக்கிறது. சிலிண்டரை 0.035 அங்குலம் பெரிதாக்கினால் 461 கன அங்குலம் வந்துவிடும். கூடவே கனெக்டிங் ராடும் புதிதாக வரும், அதுவே தனி ஆறுதல். பாண்டியாக்கின் சாதாரண ராடுகள் அடித்துச் செய்தவை அல்ல, 'ஆர்மாஸ்டீல்' என்ற வார்ப்பு. அதிக ஆர்.பி.எம்-இல் பாண்டியாக் எஞ்சின் வெடித்தது என்று கேள்விப்பட்டால் முதல் சந்தேகம் அங்கேதான் போகும்.

வெளியே ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை, உள்ளே 61 கன அங்குலம் கூடியிருக்கிறது. அது ஏறுவது குதிரைத்திறன் எண்ணிக்கையில் மட்டுமல்ல. 2,000 ஆர்.பி.எம்-இலேயே முதுகை இருக்கையோடு அழுத்தும் அந்தப் பிக்கப்தான் உண்மையான பலன். முறுக்குவிசை 500 பவுண்டு-அடியைச் சுலபமாகத் தாண்டும். உங்கள் வண்டியின் விளம்பரத்தில் 350 குதிரைத்திறன், 445 பவுண்டு-அடி என்று போட்டிருப்பார்கள். அது விசிறி, சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மேடையில் வைத்து அளந்த கணக்கு. வண்டியில் பூட்டியபடி அளக்கும் முறை 1972-க்குத்தான் பரவலாக வந்தது. ஆகவே இன்றைய எண்களோடு அதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. செவர்லே வி8-இல் எஞ்சின் எண் அடித்திருக்கும் மேடை, ஹெட் உட்காரும் அதே மட்டத்தில் இருக்கிறது. லேத் பட்டறையில் மேற்பரப்பைச் சீவினால் எண்ணும் சேர்ந்து போய்விடும். அப்படிப் பல வண்டிகளின் மதிப்பு ஒரே மதியத்தில் அழிந்திருக்கிறது. பாண்டியாக்கில் எண் பிளாக்கின் முன்முகத்தில், பயணி பக்கம் செங்குத்தான பரப்பில் இருக்கிறது. மேலே சீவினாலும் அதற்கு ஆபத்தில்லை. இருந்தாலும் பட்டறைக்கு அனுப்பும் முன் அந்த இடத்தைப் படம் எடுத்து, மேலே டேப் ஒட்டி, "இங்கே தொட வேண்டாம்" என்று எழுதியே அனுப்புங்கள்.

கம்ப்ரஷனில் ஏமாந்துவிடாதீர்கள். தொழிற்சாலைக் கணக்கு 10.75:1. அது அந்தக் காலத்து ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோலுக்காக வைத்தது. இன்று பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேனுக்கு, இரும்பு ஹெட் என்றால் 9.5:1-ஐத் தாண்ட வேண்டாம். பழைய விளம்பரங்களில் வரும் ஆக்டேன் எண்ணும் இப்போது பம்பில் ஒட்டியிருக்கும் எண்ணும் வேறு வேறு அளவுகோல். நேரடியாக ஒப்பிட முடியாது. வீச்சைக் கூட்டியதும் கம்ப்ரஷன் தானாகவே எகிறும் என்பதால் நடுவில் குழிந்த பிஸ்டன் தேவைப்படும். ஹெட்டைப் பொறுத்தவரை இரண்டு வழி. ஒன்று, உங்கள் இரும்பு ஹெட்டையே கைவேலையாகப் போர்ட் செய்வது, அதாவது காற்று போகும் வழிகளைச் செதுக்கிச் சீராக்குவது. நல்ல கை பட்டால் காற்றோட்டம் 15 சதவீதமாவது கூடும், நடு எக்ஸாஸ்ட் வாய்களின் மேல் வார்த்திருக்கும் எண்ணும் அப்படியே நிற்கும். இன்னொன்று, டி-போர்ட் (D எழுத்து வடிவ எக்ஸாஸ்ட் வாய்) வடிவ அலுமினிய ஹெட் வாங்கி எஞ்சினின் நீலப் பெயிண்டை அடிப்பது. கம்ப்ரஷனைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், எடையும் குறையும். ஆனால் விவரம் தெரிந்தவர் குனிந்து பார்த்தால் அந்த எண் இல்லாததைப் பிடித்துவிடுவார். நீங்கள் சொன்ன நிபந்தனைப்படி பார்த்தால் நான் இரும்பையே போர்ட் செய்வேன்.

இப்போது கேம்ஷாஃப்ட். குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் இங்கேதான். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் அத்தனையும் மறைத்துவிட்டு, சிக்னலில் நிற்கும்போது வண்டி குதித்துக் குதித்து ஐடிலிங்கில் நின்றால், காது கேட்கும் யாருக்கும் புரிந்துவிடும். அதைவிட முக்கியமான சிக்கல் வாக்குவம். கேம் முரட்டுத்தனமாகப் போகப் போக ஐடிலிங்கில் இன்டேக்கின் உறிஞ்சுவிசை குறையும். பவர் பிரேக் அதை நம்பித்தான் இருக்கிறது. உங்கள் வண்டியின் மூடித் திறக்கும் ஹெட்லைட் கதவும் வாக்குவத்தில்தான் இயங்குகிறது! இரவில் சுவிட்சைப் போட்டதும் இரண்டு கதவும் ஒன்றாக, சட்டென்று மேலே போக வேண்டும். வாக்குவம் போதாவிட்டால் ஒன்று முந்தும், ஒன்று பாதியில் தயங்கி நிற்கும். அடுத்த வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணடிப்பது போல இருக்கும்.

அதனால் பெரிய கேம் வேண்டாம். ஹைட்ராலிக் ரோலர் கேம் போடுங்கள். வால்வை வேகமாகத் திறந்து வேகமாக மூடும். திறந்திருக்கும் நேரத்தை நீட்டாமலேயே காற்று கூடுதலாக வரும். லோப் இடைவெளி (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளைத் தள்ளும் மேடுகளுக்கு நடுவே உள்ள கோணம்) 112 முதல் 114 டிகிரி என்று கேளுங்கள், ஐடிலிங் சாதுவாக இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. பழைய வகை தட்டை டாப்பெட்டுக்கு ஆயிலில் ஜிங்க் அதிகம் வேண்டும். இன்றைய சாதாரண ஆயில்களில் அது குறைந்துவிட்டது. ஓடத் தொடங்கிய முதல் அரை மணி நேரத்திலேயே கேம் தேய்ந்துபோன கதைகள் நிறைய. ரோலருக்கு அந்தப் பயம் இல்லை. இங்கே பெரிய எஞ்சின் உங்களுக்கு இன்னொரு உதவி செய்கிறது. 400-இல் தடதடக்கும் அதே கேம், 461-இல் பாதி சாதுவாகிவிடும்.

எக்ஸாஸ்டில் ஹெடர் என்ற பேச்சே எடுக்காதீர்கள். பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தக் குழாய்கள்தான். அதற்குப் பதிலாக அதே காலத்து ராம் ஏர் என்ற கூடுதல் சக்தி பாண்டியாக் எஞ்சின்களுக்கு வந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் மறுவார்ப்பு கிடைக்கிறது. சாதாரண மேனிஃபோல்டைவிடத் தாராளமான வழி, பார்வைக்கு 1969. கீழே 2.5 அங்குலக் குழாய், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய், அமைதியான சைலன்சர். சத்தம் அடக்கமாக இருப்பதும் தோற்றத்தின் ஒரு பகுதிதான்.

எஞ்சினைத் திறந்திருக்கும்போதே தண்ணீர் பம்பின் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டையும் கவனியுங்கள். பம்ப் விசிறிக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமானால், தண்ணீர் சுற்றி வராமல் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். பாண்டியாக் சூடாகிறது என்று புதிது புதிதாக ரேடியேட்டர் வாங்குகிறவர்கள் பலர். சின்னச் சுத்தியலால் தகட்டை மெல்லத் தட்டி, விசிறியில் உரசாத அளவுக்கு நெருக்கமாக வைத்தாலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

கியரில் உங்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. இப்போது இருக்கும் டர்போ 400 மூன்று வேகப் பெட்டி. கல் மாதிரி உறுதி, ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். எண்பதுகளில் வந்த 200-4ஆர் பெட்டி பாண்டியாக் எஞ்சினின் போல்ட் அமைப்போடு கிடைக்கும். முதல் கியர் 2.74, நான்காவது 0.67. முதல் கியர் நன்றாக இழுக்கும், நெடுஞ்சாலையில் எஞ்சின் முணுமுணுக்கும். உள்ளே இருந்து பார்த்தால் அதே கியர் லீவர்தான். ஆனால் 500 பவுண்டு-அடிக்கு உள்பாகங்களைப் பலப்படுத்திய பெட்டியாக வாங்க வேண்டும். பழைய வண்டியில் இருந்து கழற்றியதை அப்படியே மாட்டினால் தாங்காது. பின் ஆக்சிலில் 3.55 பல்சக்கர விகிதம் போதும். உங்கள் 8.2 அங்குல 10 போல்ட் ஆக்சிலே அதிகம் ஒட்டாத டயரோடு சமாளித்துவிடும். ரேஸ் டயர் போட்டு டிராக் ஸ்ட்ரிப்பில் கிளம்புவது என்றால் அதன் ஆயுசு குறைவு.

டயரில்தான் நிஜமான கட்டுப்பாடு. 14 அங்குலச் சக்கரத்தில் அந்தக் காலத்து அகலத்துக்கு 461-இன் சக்தி பாதி புகையாகத்தான் போகும். பாண்டியாக்கின் ராலி 2 சக்கரம் அதே முகத்தோடு 15 அங்குலத்தில், 7 அங்குல அகலத்தில் கிடைக்கிறது. அருகில் இன்னொரு 69 நின்றால் ஒழிய வித்தியாசம் தெரியாது. சிவப்புக் கோடு போட்ட ரேடியல் டயரும் உண்டு. இதற்கு மேல் 17, 18 அங்குலம் என்று போனால் வண்டியின் முகமே மாறிவிடும், அதை நான் செய்ய மாட்டேன். அதே நேரம் குறுகிய டயரை நினைத்து மனம் தளரவும் வேண்டாம். அமெரிக்காவில் தொழிற்சாலைத் தோற்றமும் அந்தக் காலத்து அளவு டயரும் கட்டாயம் என்ற விதியோடு ஒரு பந்தய வகையே இருக்கிறது. அதில் கால் மைலை 10 விநாடி சொச்சத்தில் ஓடுகிறார்கள். உங்கள் வண்டி புதிதாக இருந்தபோது அதே தூரத்துக்கு 14-இல் இருந்து 15 விநாடி எடுத்திருக்கும்.

கடைசியாகக் காகிதம். பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் உங்கள் வண்டியின் தொழிற்சாலைப் பதிவின் நகலைத் தருகிறது. எந்த எஞ்சின், எந்த கியர், எந்தெந்தத் தேர்வுகளோடு வெளியே வந்தது என்பது அதில் இருக்கும். அதை முதலில் வரவழைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும், அது கிராங்காக இருந்தாலும் சரி, பாயிண்ட் செட்டாக இருந்தாலும் சரி, எண்ணெய் தடவிப் பொதிந்து பெயர் எழுதி வைத்துவிடுங்கள். என் கராஜில் அப்படி 11 பெட்டி இருக்கிறது. என்றாவது விற்கும் நாள் வந்தால் வாங்குபவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லி, இந்தப் பெட்டிகளையும் சேர்த்தே கொடுங்கள். சாலையில் பக்கத்தில் நிற்பவரிடம் மறைக்கலாம், வாங்குபவரிடம் கூடாது.

இந்த வாரக் கடைசியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்கை முன்னும் பின்னும் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கிராங்க் நகர்ந்தும் ரோட்டர் சில டிகிரி அசையாமல் நின்றால், டைமிங் செயின் தொய்ந்துவிட்டது, நைலானும் போயிருக்கும். எத்தனை டிகிரி என்று குறித்து எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.